சொற்களுக்குச் சாட்சி நின்றவர்

ஆசிரியத் தொழிலில் சிவப்பு மைக்கு ஒரு மயக்கம் உண்டு. அந்தப் பேனாவைக் கையில் எடுத்ததும் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் கூடவே வந்துவிட்டதாக ஓர் எண்ணம் தோன்றிவிடுகிறது. அந்த மயக்கத்தில் நானும் ஒருநாள் ஒரு தவறு செய்தேன். இக்கட்டுரை அத்தவற்றிலிருந்து பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு ஒன்று வைத்தேன். தாம் கண்டு வந்த ஓர் ஊரைப் பற்றி எழுதுமாறு சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, மலைக்கோட்டை உச்சியில் தோழியரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டதை எழுதியிருந்தாள். நான் அந்தச் சொல்லைச் சுழித்தேன். இப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை என்று ஓரத்தில் எழுதினேன். அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். மறுநாள் அவள் துறை அறையின் வாசலில் வந்து தயங்கி நின்றாள். வாதாடவில்லை. கைப்பேசியில் ஆக்ஸ்போர்டு அகராதியின் பக்கத்தைத் திறந்து என் முன் நீட்டினாள். சொல் அங்கே இருந்தது; பொருளும் இருந்தது. அதுமட்டுமா? 2013-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் தேர்ந்தெடுத்ததே அந்தச் சொல்லைத்தான் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் அமைதியடையவில்லை. நேற்று முளைத்த இத்தகைய சொற்களையெல்லாம் அகராதிக்குள் அனுமதித்தவர் யார்? அந்தக் கதவின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? இந்த வினாக்களோடு கல்லூரி நூலகத்தில் பல மாலைப் பொழுதுகளைக் கழித்தேன். விடை ஒரு மனிதரின் வாழ்க்கையாக எனக்குக் கிடைத்தது. அவர் பெயர் ஜேம்ஸ் மர்ரே. அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இணையம் என்ற ஒன்றை அவர் கனவிலும் கண்டிருக்க முடியாது. எனினும் இணையத்தில் பிறந்த சொற்கள் இன்று நுழைகின்ற வாசலைக் கட்டியவர் அவரே என்று துணிந்து சொல்லலாம்.

இளமை

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், ஹாயிக் என்னும் நகருக்கு அருகே டென்ஹோம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1837-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் ஒரு தையற்காரரின் மகனாக மர்ரே பிறந்தார். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எந்த நாட்டிலும் புதிய கதை அன்று. ஆனால் பள்ளி நின்றதே தவிர மர்ரேயின் படிப்பு நிற்கவில்லை. பாறைகளைப் படித்தார், செடிகொடிகளைப் படித்தார், தம் வட்டாரத்தின் பழஞ்சின்னங்களைத் தேடித் திரிந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக மொழிகளைக் கற்றார். பதினேழு வயதில் ஹாயிக்கில் ஒரு பள்ளியில் உதவியாசிரியரானார். இருபது வயதில் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

1862-இல் மேகி ஸ்காட் என்னும் இசையாசிரியையை மணந்தார். இன்பம் நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை இறந்தது. மனைவியைக் காசநோய் பற்றியது. குளிர் மிகுந்த ஊரை விட்டுப் போனால்தான் பிழைப்பார் என்று மருத்துவர்கள் சொன்னதால், தலைமையாசிரியர் பதவியைத் துறந்து இலண்டனுக்குச் சென்றார். அங்கே இந்தியாவோடு வாணிகம் நடத்திய சார்ட்டர்டு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஆனால் மேகி பிழைக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் இழந்து, பிடித்த வேலையையும் இழந்து, வங்கிக் கணக்கேடுகளின் முன் உட்கார்ந்திருந்த அந்த முப்பது வயதுகூட நிரம்பாத மனிதரை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

1866-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். தமக்குப் பழக்கமான மொழிகளை அந்த விண்ணப்பத்தில் வரிசைப்படுத்தினார். இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் என்று தொடங்கிய அந்தப் பட்டியல் ரஷ்யம், பாரசீகம், சமஸ்கிருதம், எபிரேயம் வரை நீண்டது. வேலை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவரின் அறிவுக்கு அன்று அங்கே இருந்த மதிப்பு அவ்வளவுதான். மறு ஆண்டு ஏடா ரூத்வென் என்னும் பெண்மணியை மணந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்த அம்மையார்தான் கடைசிவரை அவருக்குத் துணையாக நின்றவர். 1870-இல் மில் ஹில் என்னுமிடத்தில் உள்ள பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார் மர்ரே. 1873-இல் தம் சொந்த மண்ணின் வழக்குமொழியைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார்.

இந்த நூலைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய எல்லைப்புற ஸ்காட்லாந்து மக்களின் பேச்சை, அதற்கும் ஒரு வரலாறும் ஒழுங்கும் உண்டு என்று எடுத்துக்காட்டிய நூல் அது. தையற்காரர் மகன் தன் தெருவின் பேச்சுக்கு முதலில் சாட்சி சொன்னான். பிறகுதான் ஒரு பேரரசின் மொழிக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டான்.

அகராதி என்னும் கடல்

அகராதி எண்ணம் மர்ரேக்கு முன்பே தோன்றியது. 1857-இல் இலண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் என்னும் சமயப் பெரியார் ஆற்றிய உரைகள் அதற்கு வித்திட்டன. அகராதி செய்பவன் மொழியின் வரலாற்றை எழுதுபவனே அன்றி, நல்ல சொல் இது, தீய சொல் இது என்று பிரிக்கும் நீதிபதி அல்லன் என்பது அவர் கருத்தின் சாரம். கேட்பதற்கு எளிய கருத்து. நடைமுறைப்படுத்தவோ எழுபது ஆண்டுகள் ஆயின. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் இளவயதிலேயே இறந்தார். அடுத்து வந்த பர்னிவால் ஊக்கம் மிகுந்தவர், ஒழுங்கு குறைந்தவர். வேலை சிதறியது.

1879 மார்ச் முதல் நாள் ஆக்ஸ்போர்டு அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மர்ரே பதிப்பாசிரியரானார். பத்தே ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக ஏறத்தாழ 7,000 பக்கங்களில் முடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் ஐந்தாண்டு உழைப்பிற்குப் பின், 1884-இல் முதல் பகுதி 352 பக்கங்களில் வெளிவந்தபோது அது தாண்டியிருந்த தூரம் எவ்வளவு தெரியுமா? எறும்பைக் குறிக்கும் ஆன்ட் என்ற சொல்வரைதான்! ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தே முடியவில்லை.

ஏன் இத்தனை தாமதம்? அதை அறிய அவருடைய வேலை முறையை அறிய வேண்டும்.

இரும்புக் கொட்டகை

மில் ஹில்லில் தம் வீட்டின் முன் தகரத்தால் ஒரு கொட்டகை அமைத்தார் மர்ரே. அதற்கு எழுத்துக்கூடம் என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து வைக்கும் தட்டறைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றறைகள் சுவரோரம் அமைக்கப்பட்டன. பர்னிவாலின் வீட்டிலிருந்து சுமார் இரண்டு டன் எடையுள்ள துண்டுச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எச் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருப்பதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

சீட்டு என்றேனே, அதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. ஒருவர் ஒரு நூலையோ செய்தித்தாளையோ படிக்கிறார். ஒரு சொல் கண்ணில் படுகிறது. அரைத்தாள் அளவுள்ள ஒரு காகிதத்தின் தலைப்பில் அச்சொல்லை எழுதுகிறார். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர், நூலின் பெயர், பக்கம். அதற்கும் கீழே அச்சொல் வந்த வாக்கியம். அவ்வளவே. இப்படி ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்த சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கினால், அந்தச் சொல் எப்போது பிறந்தது, எந்தப் பொருளில் வளர்ந்தது, எப்போது வழக்கொழிந்தது என்பதெல்லாம் தாமே பேசத் தொடங்கிவிடும். அகராதி ஆசிரியர் தம் விருப்பு வெறுப்பை எழுத வேண்டியதில்லை. சீட்டுகள் சொல்வதைக் கேட்டு எழுதினால் போதும்.

1879-இல் ஆங்கிலம் பேசும், படிக்கும் மக்கள் அனைவருக்கும் மர்ரே ஒரு வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். வாருங்கள், படியுங்கள், சீட்டு எழுதி அனுப்புங்கள் என்பதே அதன் கருத்து. ஊதியம் கிடையாது. எனினும் உலகெங்குமிருந்து சீட்டுகள் குவிந்தன. ஆசிரியர்கள், பாதிரியார்கள், இல்லத்தரசிகள் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். இன்று முகமறியாத பலர் கூடி இணையத்தில் கலைக்களஞ்சியம் உருவாக்குவதைக் கண்டு வியக்கிறோம். அஞ்சல் தலை ஒட்டிய உறைகளைக் கொண்டே அதைச் செய்து காட்டியது அந்தத் தலைமுறை.

அத்தொண்டர்களுள் இருவரை நினைவுகூராமல் இருக்க இயலாது. ஒருவர் பிட்செட்வர்டு ஹால். அமெரிக்காவில் பிறந்து, இளமையில் நம் நாட்டுக்கு வந்து, காசியில் சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றியவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் தனித்து வாழ்ந்து, நாள்தோறும் பல மணி நேரம் அகராதிக்காக உழைத்தார். இருபதாண்டுகள் கடிதங்கள் போயும் வந்தும் இருந்தன. அவரும் மர்ரேயும் நேரில் சந்தித்ததே இல்லை. மற்றொருவர் வில்லியம் மைனர். அமெரிக்கப் படையில் மருத்துவராக இருந்தவர். மனநோயின் பிடியில் 1872-இல் இலண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். தம் அறையை நூல்களால் நிரப்பி, அங்கிருந்தே ஆயிரக்கணக்கான மேற்கோள்களை அனுப்பினார். மர்ரே அவரை நேரில் சென்று கண்டு, நண்பராகவே நடத்தினார். ஒரு சொல்லுக்குச் சாட்சி கூற வருபவரிடம் ஆதாரம் இருக்கிறதா என்று மட்டுமே மர்ரே பார்த்தார். அவர் இருக்கும் இடம் அரண்மனையா காப்பகமா என்று பார்க்கவில்லை.

1885-இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு ஆக்ஸ்போர்டுக்குக் குடியேறினார். பான்பரி சாலையில் இருந்த வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மீண்டும் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. தம் வீட்டுக் காட்சி மறைவதாக அண்டை வீட்டார் குறைபட்டதால், தரையைத் தோண்டிப் பள்ளத்தில் அமைக்க வேண்டியதாயிற்று. ஈரமும் குளிரும் நிறைந்த அந்தப் பள்ளத்தில் பனிக்காலத்திலும் கனத்த மேலங்கியோடு அமர்ந்து வேலை செய்தார் மர்ரே. பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள் முதலே சீட்டுகளை அகர வரிசைப்படுத்திக் கைச்செலவுக்குக் காசு வாங்கினர். கடிதப் போக்குவரத்து மிகுந்ததால் அஞ்சல் துறையினர் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு அஞ்சல் பெட்டியை நட்டனர். ஆக்ஸ்போர்டு, மர்ரே என்று மட்டும் எழுதினாலே கடிதம் வந்து சேர்ந்துவிடும்.

மோதல்

இனி என் வினாவுக்கு வருகிறேன். புதுச்சொல்லையும் தெருச்சொல்லையும் மர்ரே எப்படி நடத்தினார்?

1883-இல் முதல் பகுதி அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆக்ஸ்போர்டிலிருந்து ஓர் இடையூறு வந்தது. பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பெரும் அறிஞராகவும் விளங்கிய பெஞ்சமின் ஜோவெட்டும் அச்சகக் குழுவினரும் சில யோசனைகளை அனுப்பினர். தெருவழக்குச் சொற்களையும் புதிய அறிவியல் சொற்களையும் இலக்கியத்தில் ஆளப்பட்டிருந்தாலொழியச் சேர்க்க வேண்டாம்; செய்தித்தாள்களை விட்டுப் பேராசிரியர்கள் போற்றும் பெருநூல்களிலிருந்து மேற்கோள் காட்டுங்கள் என்பன அவற்றுள் சில. மர்ரே எழுதிய முன்னுரையையும் ஜோவெட் திருத்தி எழுதிவிட்டார்.

மர்ரேயின் நிலையை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்ற பெருமக்கள் ஒருபுறம். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட தையற்காரர் மகன் மறுபுறம். வீடு நிறையப் பிள்ளைகள். இசைந்து போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் இசையவில்லை. பதவியையே துறக்கத் துணிந்தார். அன்றாட வாழ்வின் சொற்கள் முதலில் பதிவாகும் இடம் செய்தித்தாள்தான் என்றும், வருங்கால ஆராய்ச்சியாளர்கள் அந்த மேற்கோள்களையே பெரிதும் மதிப்பார்கள் என்றும் அவர் உறுதியாக நம்பினார். நண்பர்கள் இடையே புகுந்து சமரசம் செய்தனர். மர்ரேயின் கொள்கை பெரும்பாலும் நிலைத்தது.

அக்கொள்கையை அகராதியின் தொடக்கத்தில் அவர் ஓர் அழகிய உவமையால் விளக்கியிருக்கிறார். வானத்தில் தெரியும் ஒளிமுகிலை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் ஒளி அடர்ந்திருக்கும். ஓரம் செல்லச் செல்ல மங்கும். எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. மொழியும் அத்தகையதே. நடுவில் எல்லாரும் அறிந்த பொதுச்சொற்கள். சுற்றிலும் இலக்கியச் சொற்கள், பேச்சுச் சொற்கள், தொழிற்சொற்கள், அறிவியற்சொற்கள், வட்டாரச் சொற்கள், பிறமொழிச் சொற்கள், தெருவழக்குகள். ஓரத்துச் சொல் நாளை நடுவுக்கு வரலாம். நடுச்சொல் ஓரத்துக்குப் போகலாம்.

நம் கரையிலிருந்து போன சொற்களும் அவர் மேசைக்கு வந்தன. கட்டுமரம், சுருட்டு, கறி ஆகிய தமிழ்ச் சொற்களிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள் மூன்றும் சி எழுத்தில் வருபவை. அந்த எழுத்தைப் பதிப்பித்தவர் மர்ரேதான். கடற்கரையில் மீனவர் வாயிலிருந்து கப்பலோட்டிகளின் காதில் விழுந்த சொல்லுக்கும் பெருங்கவிஞர் ஆண்ட சொல்லுக்கும் ஒரே அளவு எழுத்தில்தான் தலைப்பு இட்டார்.

தவறுகளும்

மர்ரே தவறே செய்யாதவர் என்று சொல்லமாட்டேன். அவருடைய தவறுகளும் நமக்குப் பாடம்தான்.

குடல்வால் அழற்சியைக் குறிக்கும் அப்பெண்டிசைடிஸ் என்னும் சொல் அக்காலத்தில் மருத்துவர் வட்டாரத்தில் அரும்பிக்கொண்டிருந்த புதுச்சொல். முதல் தொகுதியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1902 ஜூன் 26-இல் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடப்பதாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாக விழா தள்ளிவைக்கப்பட்டது. காரணம், மன்னருக்கு வந்த அந்த நோய்தான். நாடு முழுவதும் அச்சொல் ஒலித்தது. அகராதியைத் திறந்தவர்களோ அதைக் காணாமல் திகைத்தனர். கதவுக்கு வெளியே நின்ற புதுச்சொல் ஒன்று ஒரே நாளில் ஊரார் வாயில் ஏறிவிட்டது. எந்தச் சொல் பிழைக்கும், எது மடியும் என்று பேரறிஞராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடிமைப் பெண்ணைக் குறிக்கும் பாண்ட்மெய்டு என்ற பழஞ்சொல்லோ வேறு வகையில் தவறியது. அதற்குரிய சீட்டுகள் எங்கோ நழுவிக் காணாமற்போக, பகுதி அச்சாகி வெளிவந்த பின்பே குறை தெரிந்தது. 1933-இல் வந்த இணைப்புத் தொகுதியில்தான் அது இடம் பெற்றது. மக்கள் நாவில் நூற்றாண்டுகளாக வழங்கிய சில வசைச்சொற்களை அக்கால நாகரிகம் கருதி விட்டுவிட்டார்கள். 1972-இல் தொடங்கிய புதிய இணைப்புத் தொகுதிகளில் அவையும் சேர்ந்தன. நீதிபதி அல்லன் என்று சொல்லிக்கொண்ட அகராதியும் சில வேளைகளில் நீதிபதி நாற்காலியில் அமர்ந்துதான் இருக்கிறது.

மறைவு

செலவு கூடுகிறது, காலம் நீள்கிறது என்று அச்சகத்தார் ஓயாமல் நெருக்கினர். ஹென்றி பிராட்லி, வில்லியம் கிரெய்கி, அனியன்ஸ் ஆகியோர் அடுத்தடுத்துத் துணைப் பதிப்பாசிரியர்களாகச் சேர்ந்தனர். ஏ முதல் டி வரை, எச் முதல் கே வரை, ஓ, பி, டி என்று அகராதியின் ஏறத்தாழ பாதியை மர்ரே தாமே பதிப்பித்தார். 1908-இல் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமோ 1914-இல்தான் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அந்த ஊரில் அவர் உழைக்கத் தொடங்கி அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன!

1915 ஜூலை 26-ஆம் நாள் மர்ரே மறைந்தார். வயது 78. அகராதி நிறைவு பெற்றது 1928-இல். அவர் அதைக் காணவில்லை. முடிந்தபோது அதில் 4,14,825 சொற்கள் விளக்கப்பட்டிருந்தன. 18,27,306 மேற்கோள்கள் இருந்தன. பத்தாண்டு வேலை என்று தொடங்கியது அவரது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது.

இன்றைய வாசல்

அந்த அகராதி 2000-ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறியது. ஆண்டுக்கு நான்கு முறை புதுச்சொற்கள் சேர்கின்றன. தகரக் கொட்டகை போய்க் கணிப்பொறி வந்தது. ஆனால் முறை மாறவில்லை. ஒரு சொல்லைப் பலர், பல இடங்களில், சில ஆண்டுகளாவது தொடர்ந்து எழுதியிருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். பத்தாண்டு வழங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ட்விட்டர் வழியே பரவிய ட்வீட் என்னும் சொல்லின் புதுப்பொருளை 2013-இல் சேர்த்தபோது, பத்தாண்டு நிரம்பும் முன்பே விதியைத் தளர்த்தியதை அகராதியாரே ஒப்புக்கொண்டனர். ஒருமுறை உள்ளே வந்த சொல் வழக்கொழிந்தாலும் நீக்கப்படுவதில்லை. ஏனெனில் அகராதி என்பது வரலாறு. வரலாற்றிலிருந்து யாரை வெளியேற்ற முடியும்?

2011-இல் ஓ.எம்.ஜி., எல்.ஓ.எல். என்னும் குறுக்கங்கள் சேர்ந்தபோது, இளைஞர்களின் கைப்பேசிச் சொற்களால் மொழி அழிந்தது என்று வருந்தியவர் பலர். ஆனால் சீட்டு முறை வேறு கதை சொல்லிற்று. ஓ.எம்.ஜி.க்குக் கிடைத்த மிகப் பழைய சான்று எது தெரியுமா? 1917-இல் பிஷர் பிரபு என்னும் முதிய கடற்படைத் தளபதி வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதம்! மர்ரே மறைந்து இரண்டே ஆண்டுகளில், எழுபது வயதைக் கடந்த ஒருவர் கைப்பட எழுதியது. இன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தலைக் குறிக்கும் எல்.ஓ.எல். அதற்கு முன், 1960 அளவில், சிறிய மூதாட்டி என்று பொருள்படும் தொடரின் குறுக்கமாக வழங்கியிருக்கிறது. செல்ஃபிக்கோ 2002-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இணையத்தில் எழுதியதே முதல் சான்றாகக் கிடைத்தது. நான் சுழித்த அந்தச் சொல், நான் சுழிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது. அதை அறியாதவன் நான்தான்.

மாணவ நண்பர்களுக்கு

அப்படியானால் அகராதியில் இருக்கும் சொல்லையெல்லாம் தேர்வில் எழுதலாமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அன்று அந்த மாணவியும் கேட்டாள். அதற்கும் மர்ரேயிடமே விடை இருக்கிறது. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அது வாழும் இடத்தையும் குறித்தார். இது பேச்சுவழக்கு, இது தெருவழக்கு, இது வழக்கொழிந்தது என்று அடையாளமிட்டார். வீட்டு முற்றத்தில் அணியும் ஆடையை மேடையில் அணிவதில்லை. அதற்காக அதை ஆடையே அன்று என்று சொல்லிவிட முடியுமா? முதல்வருக்கு எழுதும் விண்ணப்பத்தில் ஓ.எம்.ஜி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சொல்ல உரிமை இல்லை. இந்த வேறுபாட்டை அறிய எனக்கு இருபதாண்டு ஆசிரியப் பணியும் ஒரு மாணவியின் துணிவும் தேவைப்பட்டன.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் மொழிக்கும் இப்பணி நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிறகு நம் நாவில் ஏறிய சொற்கள் பலவற்றை 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பதிவு செய்தது. எனினும் சொல் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் ஊர்த் தறிக்கூடத்தில், உப்பளத்தில், பேருந்து நிலையத்தில், உங்கள் கைப்பேசித் திரையில் இன்று வழங்கும் சொற்களுக்கு நாளை யார் சாட்சி சொல்வார்கள்?

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அன்று முதல் என் மேசை இழுப்பறையில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டு இருக்கிறது. வகுப்பில் எனக்குப் புரியாத சொல் காதில் விழுந்தால் இப்போது சிவப்புப் பேனாவைத் தேடுவதில்லை. ஒரு சீட்டை எடுத்துச் சொல்லை எழுதுகிறேன். கீழே நாளைக் குறிக்கிறேன். யார், எந்த வாக்கியத்தில் சொன்னார் என்பதைக் குறிக்கிறேன். இதுவரை நாற்பதுக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் எத்தனை பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. விரும்புவோர் துறை அறைக்கு வந்து பார்க்கலாம். வரும்போது உங்களிடமுள்ள சொல் ஒன்றையும் கொண்டு வாருங்கள்.